பயணக் காப்பீட்டுப் படிவத்தில் பழைய நோய்: சொல்வதா, விலக்குவதா, விடுவதா?

பயணக் காப்பீட்டு விண்ணப்பத்தில் பெயர், பிறந்த தேதி, புறப்படும் நாள், திரும்பும் நாள் என்று மளமளவென்று நிரப்பிக்கொண்டு வருகிற கை, ‘ஏற்கெனவே ஏதேனும் நோய் இருக்கிறதா, அதற்காக மருந்து எடுத்துக்கொள்கிறீர்களா?’ என்ற கேள்விக்கு வந்ததும் தயங்கி நிற்கிறது. ‘ஆம்’ என்றால் பிரீமியம் ஏறும், மேலும் பத்துக் கேள்விகள் முளைக்கும், ஒருவேளை பாலிசியே கிடைக்காமல் போகலாம். ‘இல்லை’ என்றால் அடுத்த நிமிடமே பாலிசி மின்னஞ்சலில் வந்து சேரும். பயண ஏற்பாட்டின் கடைசிக் கட்டத்தில், களைத்த மனத்தோடு, பெரும்பாலும் இரவு நேரத்தில் எடுக்கப்படுகிற முடிவு இது என்பதால் ‘இல்லை’க்கு இருக்கும் கவர்ச்சியைப் புரிந்துகொள்ள முடிகிறது.

இதை இரண்டு பதில்களுக்கு இடையிலான தேர்வாகவே பலரும் பார்க்கிறார்கள். உண்மையில் நான்கு வழிகள் உள்ளன. நோயைச் சொல்லாமல் விட்டுவிடலாம். நோயைப் பற்றிக் கேட்காத பாலிசியைத் தேடி வாங்கலாம். நோயைச் சொல்லி, அதற்கு மட்டும் காப்பீடு கிடையாது என்ற விலக்கை ஏற்கலாம். நோயைச் சொல்லி, தேவைப்பட்டால் கூடுதல் பிரீமியம் கட்டி, அதையும் பாலிசிக்குள் கொண்டுவரலாம். முதல் வழி தேறாது. ஆனால் அது எங்கே சறுக்குகிறது என்று தெரிந்துகொள்ளாமல் மற்ற மூன்றையும் எடைபோட முடியாது. யோசிக்க வேண்டிய இடம் மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையில்தான் இருக்கிறது. அங்கேதான் பலர் மலிவைப் பார்த்துத் தவறான பக்கம் சாய்கிறார்கள் என்பது என் எண்ணம்.

முதலில், ‘ஏற்கெனவே உள்ள நோய்’ என்றால் என்ன என்பதிலேயே நாட்டுக்கு நாடு, பாலிசிக்குப் பாலிசி வேறுபாடு உண்டு. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2024இல் மருத்துவக் காப்பீட்டுக்கு வகுத்த வரையறை, பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களில் மருத்துவர் கண்டறிந்த நோயையும், அந்தக் காலத்தில் ஆலோசனையோ சிகிச்சையோ பெற்ற நோயையும் கணக்கில் எடுக்கிறது. அமெரிக்காவில் விற்கப்படும் பயண பாலிசிகள் பெரும்பாலும் 60 முதல் 180 நாட்கள் வரை பின்னோக்கிப் பார்க்கின்றன. கனடாவில் ‘நிலையாக இருந்த காலம்’ என்ற கணக்கு உண்டு. புறப்படுவதற்கு முந்தைய 90 அல்லது 180 நாட்கள் நோயில் எந்த மாற்றமும் இருக்கக் கூடாது என்பார்கள். அந்த மாற்றத்தில் மாத்திரையின் அளவைக் கூட்டுவது மட்டுமல்ல, குறைப்பதும் பல பாலிசிகளில் சேரும். உடம்பு தேறியதால் மருத்துவர் மாத்திரையைக் குறைத்திருந்தாலும் காப்பீட்டின் கண்ணில் அது ‘நிலையற்ற’ நோயாகிவிடுகிறது. பிரிட்டன் பாலிசிகளில் காலம் கேள்வியைப் பொறுத்தது: இதயம், பக்கவாதம், புற்றுநோய் போன்றவற்றுக்கு ‘எப்போதாவது இருந்ததா’ என்றும், மற்றவற்றுக்குக் கடந்த சில ஆண்டுகளில் இருந்ததா என்றும் கேட்பது வழக்கம். ஆகவே ‘எனக்கு நோய் இருக்கிறதா’ என்று நம்மையே கேட்டுக்கொள்வதைவிட, கையில் இருக்கும் பாலிசி எத்தனை மாதம் பின்னோக்கிப் பார்க்கிறது, எதை நோய் என்கிறது என்று படித்துப் பார்ப்பதே சரியான தொடக்கம்.

நம் பேச்சுவழக்கும் இதில் குழப்பத்தை உண்டாக்குகிறது. பிரஷர் மாத்திரையைப் பதினைந்து வருடமாகத் தவறாமல் விழுங்குகிறவர் தனக்கு நோய் இருப்பதாகவே நினைப்பதில்லை. ‘கண்ட்ரோல்ல இருக்கு’ என்பார். ஸ்டென்ட் வைத்தவர் ‘அதைத்தான் சரி பண்ணிட்டாங்களே’ என்பார். தைராய்டு மாத்திரையைக் காலையில் காபிக்கு முன்னால் போட்டுக்கொள்கிறவருக்கு அது பல் தேய்ப்பதைப் போன்ற அன்றாடப் பழக்கம். காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கோ வேறு: மருந்தால் கட்டுக்குள் இருக்கும் நோய், மருந்து இல்லாவிட்டால் கட்டுக்குள் இருக்காத நோய்தான். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் எடுக்கும் மருந்துகளும் இந்தப் பட்டியலில் வரும். கூச்சத்தால் அதிகமாக விடுபடுபவை அவைதாம். எல்லாவற்றையும்விடச் சிக்கலானது, பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கும் நிலை. நெஞ்சில் ஏதோ அழுத்தம் என்று மருத்துவரிடம் போய், அவர் ஸ்கேன் எடுக்கச் சொல்லி, தேதியும் குறித்தாகிவிட்டது. நோயின் பெயர் இன்னும் தெரியாது. பெயர் தெரியாததால் சொல்ல வேண்டியதில்லை என்று நினைப்பது இயல்பு. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் இதைத் தனியாகவே கேட்கின்றன, முடிவு தெரியும்வரை அந்த அறிகுறிக்குப் பொறுப்பேற்க மறுக்கின்றன. அப்படிப்பட்ட நிலையில் எந்த பாலிசியை வாங்குவது என்று ஆராய்வதைவிட, பயணத் தேதியைத் தள்ளி வைப்பது பற்றி யோசிப்பது மேல்.

இனி முதல் வழி. சொல்லாமல் விட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியப்போகிறது என்ற கேள்வியில்தான் இது நிற்கிறது. தெரியவருவதற்குத் துப்பறிவாளர் யாரும் தேவையில்லை. அவசர சிகிச்சைப் பிரிவில் படுத்திருப்பவரிடம் மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, ‘சுகர், பிரஷர் உண்டா? என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?’ என்பது. உயிர் பிழைக்க வேண்டும் என்ற நிலையில் யாரும் அங்கே பொய் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. நோயாளி பேச முடியாத நிலையில் இருந்தால் கூட வந்தவர் சொல்கிறார், அல்லது கைப்பையில் இருக்கும் மாத்திரை அட்டைகள் சொல்லிவிடுகின்றன. அந்தப் பதில் சேர்க்கைக் குறிப்பில் ஏறுகிறது. அங்கிருந்து டிஸ்சார்ஜ் சம்மரிக்குப் போகிறது. ‘எட்டு ஆண்டுகளாக உயர் ரத்த அழுத்தம்’ என்ற ஒரே வரி போதும். இழப்பீடு கோரும்போது காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்கும் தாள் அந்த டிஸ்சார்ஜ் சம்மரிதான். பெரிய தொகையாக இருந்தால் சொந்த ஊர் மருத்துவரின் பதிவேடுகளையும் கேட்டு வாங்குவார்கள். அதற்கான ஒப்புதல் பெரும்பாலும் விண்ணப்பத்திலோ கோரிக்கைப் படிவத்திலோ கையெழுத்தாகியிருக்கும்.

கண்டுபிடிக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதைச் சட்டம் நெடுங்காலமாகவே பேசி வந்திருக்கிறது. 1766இல் இங்கிலாந்தில் மான்ஸ்ஃபீல்டு பிரபு அளித்த தீர்ப்பு ஒன்றுதான் காப்பீட்டில் ‘உச்ச நல்லெண்ணம்’ என்ற கோட்பாட்டுக்கு மூலமாகச் சொல்லப்படுகிறது. அது நோய் தொடர்பான வழக்கு அல்ல. சுமத்ராவில் பெங்கூலுவில் இருந்த ஆங்கிலேயக் கோட்டை எதிரிகளிடம் விழுந்துவிட்டால் இழப்பீடு வேண்டும் என்று அதன் ஆளுநர் எடுத்த காப்பீடு. ஆபத்தை அறிந்தவர் காப்பீடு எடுப்பவர்தான், ஆகவே அவர் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றது தீர்ப்பு. வேடிக்கை என்னவென்றால் அந்த வழக்கில் வென்றவர் காப்பீடு எடுத்தவர்தான்: கோட்டையின் பலவீனம் காப்பீடு கொடுத்தவருக்கும் தெரிந்திருக்க வேண்டியதே என்று நீதிமன்றம் கருதியது. சொல்ல வேண்டிய கடமை ஒரு பக்கம், கேட்க வேண்டிய கடமை மறுபக்கம் என்ற இந்த இழுபறி இன்றுவரை தொடர்கிறது.

பிரிட்டன் 2012இல் இயற்றிய நுகர்வோர் காப்பீட்டுச் சட்டம் தராசைச் சற்றுத் தனிமனிதர் பக்கம் சாய்த்தது. கேட்காததை எல்லாம் தாமாக முன்வந்து சொல்ல வேண்டும் என்ற பழைய கடமை போய், கேட்ட கேள்விக்குத் தவறான பதில் சொல்லாமல் இருக்கத் தகுந்த கவனம் காட்டினால் போதும் என்று ஆனது. ஆஸ்திரேலியாவும் 2021 அக்டோபரில் நுகர்வோர் பாலிசிகளுக்கு அதே திசையில் மாறியது. பிரிட்டன் சட்டப்படி வேண்டுமென்றே பொய் சொன்னவருக்கு பாலிசி முழுவதும் செல்லாது, பொதுவாகக் கட்டிய பிரீமியமும் திரும்பாது. கவனக்குறைவால் தவறியவருக்கு விகிதக் கணக்கு: உண்மையைச் சொல்லியிருந்தால் 250 கட்ட வேண்டியிருந்தது, கட்டியது 100 என்றால், இழப்பீட்டில் 100க்கு 40 பங்குதான் கிடைக்கும். உண்மை தெரிந்திருந்தால் பாலிசியே கொடுத்திருக்க மாட்டோம் என்று நிறுவனம் காட்டினால், பிரீமியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இழப்பீட்டை முழுவதுமே மறுக்கலாம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பாலிசி செல்லாது என்றால், மறைத்த நோய்க்கு மட்டும் செல்லாது என்று பொருள் அல்ல. சர்க்கரையை வேண்டுமென்றே மறைத்தவர் படியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாலும், பெட்டி தொலைந்துபோனாலும், அடியோடு ரத்தாகும் பாலிசியின் கீழ் எதையும் கேட்க முடியாமல் போகலாம். விலக்குடன் வாங்கியவருக்கு அந்த இடுப்பெலும்பு முறிவுக்குச் சிகிச்சைச் செலவு கிடைத்துவிடும். இரண்டு பேருக்கும் சர்க்கரைக்குக் காப்பீடு இல்லை. ஆனால் ஒருவர் கையில் பாலிசி இருக்கிறது, இன்னொருவர் கையில் வெறும் தாள் இருக்கிறது. சொல்லாமல் விடுவதும் விலக்கை ஏற்பதும் ஒன்றுதான், பின் எதற்கு வீணாகச் சொல்ல வேண்டும் என்று வாதிடுகிறவர்களுக்கு இந்த ஒரு வேறுபாடே பதில்.

இந்திய உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 2009 ஜூலையில் வந்த தீர்ப்பு மருத்துவக் காப்பீடு பற்றியது. நாள்பட்ட சர்க்கரை நோயும் அதனால் வந்த சிறுநீரகக் கோளாறும் இருந்த ஒருவர், விண்ணப்பத்தில் அவற்றைக் குறிப்பிடாமல் நல்ல ஆரோக்கியத்துடன் இருப்பதாக எழுதியிருந்தார்; காப்பீட்டு நிறுவனம் மறுத்தது சரியே என்றது நீதிமன்றம். 2021 டிசம்பரில் வந்தது நேரடியாகவே வெளிநாட்டுப் பயண பாலிசி பற்றியது. சர்க்கரை இருப்பதைச் சொல்லி, நிறுவனம் கேட்ட மருத்துவப் பரிசோதனையும் செய்துகொண்டு 2009இல் அமெரிக்கா சென்றவருக்கு, சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் வியர்த்துக்கொட்டியது. மாரடைப்பு என்று தெரிந்து மூன்று ஸ்டென்ட் வைத்தார்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எடுத்ததைச் சொல்லவில்லை என்று நிறுவனம் கைவிரித்தது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்த மாத்திரை முன்னெச்சரிக்கையாகக் கொடுக்கப்படுவதுண்டு, நோயாளியின் உடல்நிலையை ஆராய்ந்து பாலிசி கொடுத்த பிறகு அவர் ஏற்கெனவே சொன்ன நோயையே காரணம் காட்டி மறுக்க முடியாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சொன்னவர் வென்றார். ஆனால் பயணத்துக்கும் தீர்ப்புக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள். ஒரே ஒரு மாத்திரையின் பெயரையும் சேர்த்து எழுதியிருந்தால் அந்த வாதத்துக்கே இடம் இருந்திருக்காது.

இரண்டாவது வழி, கேள்வியே கேட்காத பாலிசி. கடன் அட்டையோடு இலவசமாக வருவது, விமான டிக்கெட்டோடு ஒரு சொடுக்கில் சேர்வது ஆகியவை பெரும்பாலும் இந்த வகை. கேட்காததால் ஏற்றுக்கொண்டார்கள் என்று அர்த்தமில்லை. ஏற்கெனவே உள்ள நோய்கள் அனைத்தும் பொது விலக்குப் பட்டியலில் ஒரே வாக்கியத்தில் அடிபட்டுப் போயிருக்கும் என்பதால்தான் கேட்கவில்லை. சில பாலிசிகள் ‘உயிருக்கு ஆபத்தான அவசர நிலை’க்கு மட்டும், அதுவும் ஒரு குறைந்த உச்சவரம்புக்குள், பழைய நோய்க்கும் கொடுப்பதாகச் சொல்லும். நோயாளியின் நிலை சீரானதுமே அந்தப் பொறுப்பு முடிந்துவிடலாம். அதன் பிறகான மருத்துவமனை நாட்கள் நம் தலையில். விசாவுக்காக வாங்கும் பாலிசியிலும் இதே மயக்கம் இருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும் என்பது 2009இல் வந்த விசா விதித்தொகுப்பு. தூதரகம் பார்ப்பது அந்தத் தொகையையும் தேதிகளையும் செல்லுபடியாகும் நாடுகளையும்தான். விசா கிடைத்துவிட்டது என்பது நம் இதயத்துக்கும் சேர்த்துக் காப்பீடு கிடைத்துவிட்டது என்பதற்குச் சாட்சி ஆகாது. மருந்து எதுவும் எடுக்காத இளம் வயதினருக்கு இந்த வழி போதுமானது. மற்றவர்களுக்கு இது விசாவுக்கான தாள் என்பதற்கு மேல் பெரிதாக எதுவும் இல்லை.

மூன்றாவது வழியில் நோயைச் சொல்கிறோம், நிறுவனம் ‘அதற்கு மட்டும் பொறுப்பில்லை’ என்கிறது, நாம் ஒப்புக்கொள்கிறோம். பிரீமியம் ஏறாது, மனசாட்சியும் உறுத்தாது. பார்க்க நியாயமான சமரசம். ஆனால் விலக்கின் எல்லை எங்கே முடிகிறது என்பதை அந்த ‘மட்டும்’ காட்டுவதில்லை. பாலிசியில் இருக்கும் வாசகம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: ‘மேற்கண்ட நோயிலிருந்து நேரடியாகவோ மறைமுகமாகவோ எழும் எந்தக் கோரிக்கைக்கும் பொறுப்பில்லை.’ மறைமுகமாகவோ என்ற சொல் நீண்ட தூரம் பாயும். உயர் ரத்த அழுத்தத்தை விலக்கியவருக்குப் பக்கவாதம் வந்தால், அது ரத்த அழுத்தத்திலிருந்து எழுந்ததா இல்லையா? சர்க்கரையை விலக்கியவருக்குக் காலில் ஏற்பட்ட சிறு கொப்புளம் சீழ்வைத்து அறுவை சிகிச்சைவரை போனால்? சிறுநீரகம், கண், இதயம் எல்லாமே சர்க்கரையின் உறவினர்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் குளியலறையில் விழுந்து தலையில் ரத்தக்கசிவு ஏற்பட்டால், விழுந்தது விபத்து என்றாலும் கசிவு நிற்காததற்குக் காரணம் மாத்திரை என்று வாதிட இடம் இருக்கிறது. ஆக, விலக்கியது ஒரு நோயை. ஆனால் பயணத்தில் நேரக்கூடிய பெரும் செலவுகள் எவையோ, அவற்றில் பாதிக்கு மேல் அந்த விலக்கின் நிழலில் வந்துவிடக்கூடும்.

இதனால் விலக்கு எப்போதுமே தவறு என்று சொல்ல வரவில்லை. முன்பு அறுவை சிகிச்சை செய்த முழங்கால், தோல் நோய், கண்புரை, எப்போதாவது தலைகாட்டும் முதுகுவலி போன்றவை ஓர் இடத்தோடு நிற்கிற நோய்கள். அவை உடம்பின் மற்ற உறுப்புகளைப் பிடித்திழுப்பதில்லை. பயணத்தில் அவை தொல்லை கொடுத்தாலும் வெளி நோயாளியாகப் பார்த்து, மருந்து வாங்கி, கைக்காசிலேயே சமாளித்துவிடலாம். இத்தகைய நோய்க்குக் கூடுதல் பிரீமியம் கட்டுவது வீண்தான். நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் இதுதான்: இந்த நோய் முற்றினால் ஆம்புலன்ஸ் வருமா, அறுவை அரங்கு வேண்டுமா, ஸ்ட்ரெச்சரில் வைத்து விமானத்தில் திருப்பி அனுப்ப நேருமா? மூன்றுக்கும் பதில் ‘இல்லை’ என்றால் விலக்கை ஏற்கலாம். ஒன்றுக்கேனும் ‘வரலாம்’ என்றால் விலக்கு மலிவானதல்ல.

நான்காவது வழி, நோயையும் பாலிசிக்குள் கொண்டுவருவது. இதில் மருத்துவக் கேள்விகள் நீளும். அந்த நீளத்துக்குப் பயந்தே பலர் பின்வாங்குகிறார்கள். என் பெரியப்பாவுக்காக நான் இதைச் செய்தபோது நடந்ததைச் சொல்கிறேன். அவருக்கு ஸ்டென்ட் உண்டு, சர்க்கரை உண்டு, ரத்த அழுத்தமும் உண்டு. அதற்கு முந்தைய பயணத்துக்கு முகவர் ஒருவர்தான் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்திருந்தார். பழைய பாலிசியை எடுத்துப் பார்த்தால், நோய் பற்றிய எல்லாக் கட்டங்களிலும் ‘இல்லை’ என்று வரிசையாக டிக் போட்டிருந்தது, கீழே பெரியப்பாவின் கையெழுத்து. நல்லவேளை, அந்தப் பயணத்தில் ஒன்றும் ஆகவில்லை. முகவர் எழுதினாலும் பதில் கையெழுத்திட்டவருடையதே. கைபேசிக்கு வந்த ஓடிபி எண்ணைச் சொல்லி ஒப்புதல் கொடுத்தாலும் அப்படித்தான். அதனால் இம்முறை மருந்துச் சீட்டு, கடைசி ரத்தப் பரிசோதனை, ஸ்டென்ட் வைத்த டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு காப்பீட்டு நிறுவன ஊழியரோடு தொலைபேசியில் பேசினோம்.

நோய் எப்போது கண்டறியப்பட்டது, எத்தனை மருந்துகள், கடந்த பன்னிரண்டு மாதங்களில் மருத்துவமனையில் சேர்ந்ததுண்டா, நடக்கும்போது மூச்சு வாங்குகிறதா, புகைபிடிப்பவரா என்று கேட்டுக்கொண்டே வந்தவர், ‘சமீபத்தில் மருந்தின் அளவு மாறியதா?’ என்றார். ‘இல்லை’ என்று பெரியப்பா உறுதியாகச் சொன்னார். உள்ளேயிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது: “போன மாசந்தான அரை மாத்திரைய ஒண்ணாக்கினாரு டாக்டரு?” பெரியப்பாவுக்கு அது மறந்தே போயிருந்தது; மறைக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. ஆனால் கோரிக்கை என்று வந்திருந்தால், அந்த மருந்துச் சீட்டின் தேதி அவருக்கு எதிராகப் பேசியிருக்கும். இந்தக் கேள்விகளுக்கு நினைவிலிருந்து பதில் சொல்லக் கூடாது, கூட வாழ்கிறவர் ஒருவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே பதில் சொல்ல வேண்டும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

பிரீமியம் ஏறியதா என்றால், ஏறியது. ஆனால் எல்லா நோய்க்கும் ஏறுவதில்லை. ஒரே மாத்திரையில் நீண்டகாலம் நிலையாக இருக்கும் ரத்த அழுத்தம், தைராய்டு போன்றவற்றைக் கூடுதல் கட்டணம் இல்லாமலே சேர்த்துக்கொள்ளும் நிறுவனங்கள் பல உண்டு, கேட்டால்தானே தெரியும். ஒரே நோய்க்கு ஒரு நிறுவனம் மறுப்பதும், இன்னொன்று சிறிது ஏற்றிக் கொடுப்பதும் சாதாரணம், ஏனெனில் ஒவ்வொன்றும் தனித்தனி மதிப்பெண் கணக்கு வைத்திருக்கிறது. ஓரிடத்தில் கிடைத்த மறுப்பை முடிந்த முடிவாக எடுத்துக்கொண்டு ‘இல்லை’ என்று டிக் போடப் போகிறவர்கள், கடுமையான நோய் உள்ளவர்களுக்கென்றே பாலிசி எழுதும் சிறப்பு நிறுவனங்கள் இருப்பதை அறியாதவர்கள். பிரிட்டனில் 2021 ஏப்ரல் முதல், இப்படி மறுக்கும் நிறுவனமே சிறப்பு நிறுவனங்களின் பட்டியலை வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும் என்று நிதி நடத்தை ஆணையம் விதித்திருக்கிறது.

அமெரிக்க பாலிசிகளில் இதற்கு வேறொரு கதவு திறந்திருக்கிறது. பயணத்துக்காக முதல் பணம் கட்டிய நாளிலிருந்து பெரும்பாலும் 14 முதல் 21 நாட்களுக்குள் பாலிசி வாங்கினால், ஏற்கெனவே உள்ள நோய்க்கான விலக்கையே பல நிறுவனங்கள் தள்ளுபடி செய்துவிடும். நிபந்தனைகள் உண்டு: திரும்பக் கிடைக்காத பயணச் செலவு முழுவதற்கும் காப்பீடு எடுக்க வேண்டும், பாலிசி வாங்கும் நாளில் பயணம் செய்யும் உடல்நிலையில் இருக்க வேண்டும். பாலிசியைக் கடைசி வாரத்துக்கு ஒத்திவைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தக் கதவு தானாகவே மூடிவிடும். எந்தக் கட்டணத்தாலும் திறக்காத கதவுகளும் உண்டு: மருத்துவர் போக வேண்டாம் என்று சொன்ன பிறகு போவதும், சிகிச்சை பெறுவதற்காகவே போவதும் ஏறக்குறைய எல்லா பாலிசிகளிலும் வெளியே தள்ளப்பட்டவை.

ஒற்றைப் பயண பாலிசியா, ஆண்டு முழுவதற்குமான பாலிசியா என்ற கேள்வியும் நோய் உள்ளவர்களுக்கு வேறு விதமாக விடை தரும். ஆண்டு பாலிசி மலிவாகத் தெரியும். ஆனால் அந்த ஆண்டுக்குள் புதிதாக ஏதேனும் கண்டறியப்பட்டால் சொல்ல வேண்டியிருக்கும். புதுப்பிக்கும்போது அது ‘ஏற்கெனவே உள்ள நோய்’ ஆகிவிடும். பாலிசி முடியும் தேதிக்குப் பிந்தைய பயணத்துக்கு இப்போதே டிக்கெட் எடுத்து வைத்திருந்தால், இடையில் வந்த நோய் அந்தப் பயணத்தைப் பாதுகாப்பில்லாமல் விட்டுவிடலாம். உடல்நிலை அடிக்கடி மாறுகிறவருக்கு ஒவ்வொரு பயணத்துக்கும் தனி பாலிசி, டிக்கெட் எடுத்த நாளிலேயே வாங்கியது, நிம்மதி தரும். நிலையாக இருப்பவருக்கு ஆண்டு பாலிசியில் தவறில்லை.

பயணம் செய்யாதவரின் நோயும் இதில் நுழைகிறது என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். வீட்டில் இருக்கும் தாயின் உடல்நிலை மோசமானதால் பயணத்தை ரத்து செய்ய நேர்ந்தால், அந்த நோய் பாலிசி வாங்கும்போதே தெரிந்திருந்ததா என்று கேட்பார்கள். சில நிறுவனங்கள் விண்ணப்பத்திலேயே நெருங்கிய உறவினரின் நோய் பற்றிக் கேட்கின்றன. சில கேட்காமலே விலக்கி வைக்கின்றன. வயதான பெற்றோரை விட்டுவிட்டுப் பயணம் போகிறவர்கள், மருத்துவச் செலவுப் பகுதியைவிட இந்த ரத்துப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும்.

நான்கு வழிகளில் எது என்று கேட்டால், இதயம், நுரையீரல், சிறுநீரகம், மூளை, புற்றுநோய், சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை என்று வந்தால் நான்காவதைத் தவிர வேறொன்றையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கூடுதல் பிரீமியம் கட்ட இயலாத அளவுக்கு இருந்தால், பாலிசியைக் குறைப்பதற்கு முன் பயண நாட்களைக் குறைக்கலாம், அல்லது மருத்துவச் செலவு குறைந்த நாட்டைத் தேர்ந்தெடுக்கலாம். செல்லும் நாடும் தங்கும் நாட்களும் பிரீமியத்தை நோயைப் போலவே ஏற்றி இறக்குகின்றன. பொறுப்புத் தொகையில் முதல் பகுதியை நாமே ஏற்பதாகச் சொல்லியும் பிரீமியத்தைக் குறைக்கலாம். சிறு செலவைக் கைக்காசில் பார்த்துக்கொண்டு பெருஞ்செலவைக் காப்பீட்டிடம் விடும் இந்த ஏற்பாடு, நோயை விலக்குவதைவிட எவ்வளவோ மேலானது.

வாங்கிய பிறகும் ஒரு வேலை மீதமிருக்கிறது. பாலிசிச் சான்றிதழோடு, சொன்ன நோய்கள் என்னென்ன, ஒவ்வொன்றும் ஏற்கப்பட்டதா விலக்கப்பட்டதா என்று காட்டும் தாள் ஒன்று வரும். வராவிட்டால் கேட்டு வாங்க வேண்டும். பெரியப்பாவுக்கு வந்த தாளில் சர்க்கரை இருந்தது, ஸ்டென்ட் இருந்தது, ரத்த அழுத்தத்தைக் காணவில்லை. தொலைபேசியில் சொன்னது எங்கோ விடுபட்டிருந்தது. மறுநாள் காலை மீண்டும் அழைத்து, பதிவு செய்யப்பட்ட உரையாடலைக் கேட்டுப் பார்க்கச் சொல்லி, திருத்திய தாள் மாலையில் மின்னஞ்சலில் வந்தது. புறப்படுவதற்கு ஒன்பது நாள் முன்பு மருத்துவர் இன்னொரு மாத்திரையைச் சேர்த்தபோது மூன்றாவது முறையாகவும் அழைத்தோம். பிரீமியம் மாறவில்லை. பெரியம்மா அந்தத் தாளின் நகலை மருந்துச் சீட்டோடு சேர்த்து மடித்து, பாஸ்போர்ட் உறைக்குள் வைத்தார்.